புயலுக்குப் பிறகு கரன்ட் வராத நாட்கள்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலில் தாழமுக்கம் வலுத்தால், மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் முதலில் நிற்பது கரன்ட்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களுக்கு அது எவ்வளவு இழுபடும் என்று சொல்லத் தேவையில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். தென்னை சரிந்தால் லைனில் விழும், மணல் ஊறினால் கம்பம் சாயும், வெள்ளம் வற்றும்வரை திருத்த வருபவர்களின் வண்டி உள்ளுக்குள் வராது. திருத்த வேலையும் மேலிருந்து கீழாகத்தான் நடக்கும். உயர் அழுத்தப் பிரதான லைன் முதலில், அடுத்து ரான்ஸ்போமர், பிறகு தெரு லைன், எல்லாவற்றுக்கும் கடைசியில் தனித்தனி வீட்டு வயர். உங்கள் பிழை இதில் எந்தப் படியில் இருக்கிறது என்று தெரிந்தால், காத்திருப்பதா, அறிவிப்பதா, எலெக்ரீஷியனைக் கூப்பிடுவதா என்பது தெளிவாகிவிடும்.

கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் இரண்டு விஷயத்தை விடாதீர்கள். நனைந்த எதற்கும் கரன்ட் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் உண்டாக்கும் கரன்ட் தெரு லைனுக்குப் போக விட வேண்டாம்.

வளவுக்குள் அல்லது தெருவில் வயர் அறுந்து கிடக்கிறது

ஊரில் கரன்ட் இல்லை என்பதற்காக அந்த வயரில் கரன்ட் இல்லை என்று நினைக்கக் கூடாது. லைனைப் பரிசோதிக்கும்போது திடீரென்று கரன்ட் விடுவார்கள். யாருடையதோ ஜெனரேற்றரிலிருந்தும் வரலாம். குறைந்தது 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள். வயர் தேங்கிய தண்ணீருக்குள் கிடந்தால், அல்லது கம்பி வேலியில், தகரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தண்ணீரும் வேலியும் தகரமும் கரன்ட் உள்ளவைதான். லைனில் தொங்கும் தென்னோலையைத் தடியால் தள்ளி எடுக்கப் பார்க்காதீர்கள். நனைந்த தடி கரன்டைக் கடத்தும். மாடு, ஆடு, பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் கயிறு கட்டி, ஒருவரைக் காவலுக்கு விட்டு, மின்தடை முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கமான 1987 க்கு அறிவியுங்கள். பக்கத்துக் கம்பத்தில் இலக்கம் எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஆள் ஒருவர் வயரில் பட்டுக் கிடந்தாலும் கையால் இழுக்கக் கூடாது. தொட்டவரும் சேர்ந்து விழுவார். லைனை நிறுத்தச் சொல்லி 1987, அம்புலன்சுக்கு 1990.

காற்று ஓய்ந்துவிட்டது, ஆனால் கம்பத்து உச்சியில் சீறல் சத்தமும் நீலப் பொறியும்

கடலோரத்தில் இது வழக்கமாக வரும். புயற்காற்று அள்ளி வந்த உப்பு, லைனைத் தாங்கும் பீங்கானில் படிந்திருக்கும். தூறலில் அந்த உப்பு நனைந்ததும் கரன்ட் அதன் மேலால் ஓடத் தொடங்கும். ஒரு பெருமழை பெய்தால் கழுவுப்பட்டு அடங்கிவிடும். அதுவரை கம்பத்தையும், அதைத் தாங்கும் இழுவைக் கம்பியையும் தொடாதீர்கள். பொறி தொடர்ந்து விழுந்தால் அறிவியுங்கள்.

எல்லா வீட்டிலும் வெளிச்சம், எங்கள் வீட்டில் மட்டும் இருட்டு

மீற்றரைப் பாருங்கள். இலக்கத் திரை எரிந்தால் கரன்ட் மீற்றர்வரை வந்திருக்கிறது, பிழை உள்ளே. திரை செத்திருந்தால் பிழை வெளியே: கம்பத்திலிருந்து வரும் சேவிஸ் வயர் இழுபட்டிருக்கலாம், கம்பத்தில் இணைப்பு விட்டிருக்கலாம். மீற்றர்ப் பெட்டியின் சீலை உடைத்துப் பார்க்க உங்களுக்கு அனுமதியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தோடு அறிவியுங்கள். ஊருக்குக் கரன்ட் வந்துவிட்டது என்று முறைப்பாடு மூடப்பட்டிருக்கும் என்பதால், "எங்கள் வீட்டு இணைப்பு மட்டும் இல்லை" என்று திரும்பவும் தனியாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் காத்திருந்து நாட்களை வீணாக்கும் வீடுகள் நிறைய.

வீதிக்கு ஒரு பக்கத்தில் வெளிச்சம், மறு பக்கத்தில் இல்லை, அல்லது ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் இல்லை என்றால், தெரு லைனில் கரன்ட் வரும் மூன்று வயரில், அதாவது மூன்று பேஸில், ஒன்று போயிருக்கிறது. அதை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் "ஒரு பேஸ் இல்லை" என்று அறிவித்தால் வருபவர்களுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

ரிப் சுவிட்ச் (கரன்ட் கசிந்தால் தானே வெட்டும் சுவிட்ச்) நிற்கவே இல்லை, தூக்கத் தூக்க விழுகிறது

வெள்ளத்தண்ணீர் பிளக் பொயின்ற் உயரத்துக்கு ஏறியிருந்தால் இந்தப் பகுதியைச் செய்ய வேண்டாம். பிரதான சுவிட்சை நிறுத்திவிட்டு எலெக்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். அவர் பொயின்ற்களைக் கழற்றி, சேற்றைக் கழுவி, காயவிட்டு, காப்புத்தடையை (கரன்ட் கசியாமல் தடுக்கும் அளவை) அளந்த பிறகே கரன்ட் கொடுக்கலாம். தண்ணீர் நிற்கும் அறைக்குள் நின்றுதான் பிரதான சுவிட்சைத் தொட முடியும் என்றால், அதையும் தொடாதீர்கள்; வெளியிலிருந்து இணைப்பைத் துண்டிக்கும்படி 1987 க்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் அவ்வளவு ஏறவில்லை, கூரையில் ஒழுக்கு மட்டும் என்றால், காய்ந்த செருப்போடு காய்ந்த தரையில் நின்று இப்படிப் பாருங்கள்:

1. வீட்டில் உள்ள எல்லாச் சாமானின் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது. சுவிட்ச் வெட்டுவது கரன்ட் வரும் லைவ் வயரை மட்டும். கரன்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் வழியாகக் கசிந்தாலும் ரிப் விழும்.
2. சின்ன பிரேக்கர்கள் அத்தனையையும் கீழே தள்ளுங்கள்.
3. ரிப் சுவிட்சைத் தூக்குங்கள். நின்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக, இடையில் அரை நிமிடம் விட்டுத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் பிழை. அதைக் கீழே விட்டு, மற்றவற்றைப் பாவிக்கலாம்.
4. எல்லாம் நின்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். விழுத்துகிற சாமானை ஒதுக்கி வையுங்கள்.
5. எல்லாப் பிரேக்கரும் கீழே இருந்தும் ரிப் விழுந்தால், எங்கேயோ நியூட்ரல் வயர் ஏர்த்தில் படுகிறது, அல்லது ரிப் சுவிட்சே நனைந்திருக்கிறது. இதற்கு மேல் எலெக்ரீஷியனின் வேலை.

அதிகம் பிழை தருவது வெளி லைற்றும், கிணற்று மோட்டருக்குப் போகும் வயரும், கூரை ஒழுகிய இடத்து ஃபான் இணைப்பும்தான். முதலில் அங்கே தேடுங்கள். ஒருபோதும் ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுக்க விடாதீர்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே வெட்டும்படி அது வைக்கப்பட்டிருப்பது, அதற்கு மேல் போனால் உயிருக்கு ஆபத்து என்பதால்.

சில லைற் மங்கல், சில லைற் கண்ணைக் கூசும் வெளிச்சம்

உடனே பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். இது நியூட்ரல் விட்டுப்போனதன் அடையாளம். தெரு லைனில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ற் வர வேண்டிய இடத்தில் ஒரு வீட்டுக்கு 100 வோல்ற்றும் இன்னொரு வீட்டுக்கு 300 க்கு மேலும் போகும். பேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ற் வீடுகளுக்குள் பங்கு பிரிவதால் வருவது. ரீவி, பிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் நிமிடங்களில் கருகும். பிரிட்ஜின் உடலைத் தொட்டால் சுள்ளென்று அடிப்பதும் இதே பிழையில் வரலாம். அக்கம்பக்கத்துக்கும் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள், 1987 க்கு "நியூட்ரல் இல்லை" என்ற சொல்லையே சொல்லுங்கள்.

எல்லா லைற்றும் ஒரே மாதிரி மங்கல் என்றால் அது வெறும் தாழ் அழுத்தம். லைற் போடலாம். பிரிட்ஜும் மோட்டரும் போட வேண்டாம். சுற்ற முடியாமல் சூடேறிச் சுருள் எரியும். வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றர் இருந்தால் 210 வோல்ற்றுக்குக் கீழே இவற்றைத் தொடாதிருப்பது நல்லது.

ஜெனரேற்றர்: எவ்வளவு பெரியது, எங்கே வைப்பது, ஏன் நிற்கிறது

உயிர் போகிற இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வைக்கும் இடம் முதலில். மழை நனைக்கிறது என்று விறாந்தைக்கோ, குசினிக்கோ, கராஜுக்கோ கொண்டு வராதீர்கள். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வரும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாமல் தூக்கத்திலேயே மூச்சு நிற்கும். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, புகைக்குழாய் எந்த யன்னலையும் பார்க்காமல், காற்று புகையை வீட்டுப் பக்கம் கொண்டு வராத திசையில் வையுங்கள். மழைக்கு நான்கு தடி நட்டு மேலே ஒரு தகரம் போதும். பக்கங்களை மூடக் கூடாது. பலகை அல்லது கல் அடுக்கித் தரையிலிருந்து உயர்த்துங்கள். பக்கத்து வீட்டு யன்னலையும் பாருங்கள், நம்மூர் வளவுகள் நெருக்கமானவை. வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால் எல்லாரையும் வெளியே கொண்டு வந்து, ஜெனரேற்றரை நிறுத்தி, 1990 க்கு அழையுங்கள்.

அடுத்தது இணைப்பு. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைப் பொயின்ற்றில் செருகி வீட்டுக்கே கரன்ட் ஏற்றும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. பிரதான சுவிட்சை நிறுத்த மறந்தால் அந்தக் கரன்ட் தெருவுக்குப் போகும். ரான்ஸ்போமர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். நீங்கள் கொடுக்கும் 230 வோல்ற், அந்தப் பக்கத்தில் 11 ஆயிரமோ 33 ஆயிரமோ ஆகி, கம்பத்தில் ஏறி நிற்பவரைக் கொல்லும். ஊருக்கு வெளிச்சம் கொடுக்க வந்தவரின் உயிர் அது. தெருக் கரன்ட், ஜெனரேற்றர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டியிருந்தால் மட்டும் வீட்டு வயரிங்குக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீட்டு வயரில் பிரிட்ஜையும் லைற்றையும் நேரே ஜெனரேற்றரில் செருகுங்கள். மோட்டருக்கான வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கட்டும். சுருட்டிய வயரை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள், சுருளாக இருந்தால் சூடேறி உருகும். இன்னொன்று: சின்ன ஜெனரேற்றர்கள் பலவற்றில் நியூட்ரல் ஏர்த்தோடு இணைந்திருக்காது. அப்போது வீட்டு ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

அளவு விஷயத்தில் ஓடும் வோற்றைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் பொதுவான பிழை. அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது 600 இலிருந்து 700 வோற் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல மூன்று மடங்கு. பழைய வகைப் பிரிட்ஜ் 150 வோற்றில் ஓடினாலும் தொடங்க 700, 800 கேட்கும். அரைக் குதிரைவலு மோட்டரும் பிரிட்ஜும் உள்ள வீட்டுக்கு 2.5 கே.வி.ஏ. அளவு ஜெனரேற்றர் போதும், ஆனால் இரண்டையும் ஒன்றாகத் தொடங்கக் கூடாது. மோட்டரை முதலில் போட்டுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்புங்கள், நிறுத்துங்கள், பிறகு பிரிட்ஜ். பெற்றோல் தட்டுப்பாடான நாட்களில் காலை 2 மணித்தியாலம், மாலை 2 மணித்தியாலம் ஓட்டினால் பிரிட்ஜ் குளிர் தாங்கும், தாங்கி நிரம்பும், போன்கள் ஏறும். இரவு முழுக்க லைற்றுக்காக ஓட்டுவது வீண்.

நிற்கும்போது பார்க்க வேண்டியவை:

- தொடங்கி உடனே நின்றால் ஒயிலைப் பாருங்கள். ஒயில் குறைந்தால் நிறுத்தும் உணரி பெரும்பாலானவற்றில் உண்டு. சரிந்த தரையில் வைத்தாலும் அது நிறுத்தும். இந்த அளவு எஞ்சினுக்கு ஏறத்தாழ 600 மில்லி லீற்றர் பிடிக்கும். புதியதென்றால் முதல் 20 மணித்தியாலத்தில் மாற்றுங்கள், பிறகு 100 க்கு ஒருமுறை.
- 10 நிமிடம் ஓடி மெல்லச் சாகிறது என்றால் பெற்றோல் தாங்கி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது.
- ஏறி இறங்கி இருமிக்கொண்டு ஓடினால் போன மாரிக்கு விட்ட பெற்றோல் பிசினாகிக் காபரேற்றர் ஜெற்றை (பெற்றோல் போகும் சிறு துளையை) அடைத்திருக்கிறது. பழையதை வடித்து, ஜெற்றைக் கழற்றிக் கழுவ வேண்டும். இனி வைக்கும்போது பெற்றோல் திறப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள்.
- எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கரன்ட் இல்லை என்றால் அதன் பிரேக்கர் விழுந்திருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியென்றால் காபன் பிரஷ், வோல்ற்றைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர்., அல்லது நீண்டகாலம் சும்மா கிடந்து காந்தம் இழந்தது, திருத்துபவரிடம் கொடுங்கள்.

சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி 15 நிமிடம் விடுங்கள். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

கூரையில் சோலார் இருக்கிறது, வீட்டில் கரன்ட் இல்லை

பழுது இல்லை. பில்லைக் கழிக்கப் பூட்டும் சோலார் இன்வேட்டர், தெருக் கரன்டைப் பின்பற்றித்தான் ஓடும். தெரு லைன் செத்ததும் தானும் நிற்க வேண்டும் என்பது அதன் பாதுகாப்பு விதி. மேலே சொன்ன அதே காரணம், கம்பத்தில் நிற்பவர். பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் மட்டுமே தனித்து ஓடும். கரன்ட் வந்த பிறகும் சில நிமிடம் லைனைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கும்.

காற்றில் தட்டுக் கழன்று தொங்கினால் கவனம். பகலில் சூரியன் இருக்கும்வரை அதன் வயரில் பல நூறு வோல்ற் இருக்கும், எந்தச் சுவிட்சாலும் தட்டை நிறுத்த முடியாது. தகரக் கூரை முழுக்க அந்தக் கரன்ட் இருக்கக்கூடும். ஏறாதீர்கள், பூட்டியவர்களைக் கூப்பிடுங்கள்.

கிணற்று மோட்டர் வேலை செய்யவில்லை

மோட்டர் வெள்ளத்தில் மூழ்கியதென்றால், வெளியே காய்ந்து தெரிந்தாலும் சுருளுக்குள் ஈரமும் சேறும் இருக்கும். சுவிட்ச் போட்டால் அந்த நொடியே எரியும். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி (உவர்நீர் பட்டதென்றால் இது கட்டாயம்), திருத்துபவரிடம் கொடுத்துக் காயவைத்து, காப்புத்தடையை அளந்து எடுங்கள். திரும்பச் சுருள் சுற்றும் செலவோடு பார்த்தால் இது சொற்பம்.

உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கரன்டைக் கழற்றி, பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் உள்ளே மணல் அல்லது துரு. இலகுவாகச் சுற்றினால் மோட்டரைத் தொடக்கிவிடும் கப்பாசிற்றர் போயிருக்கிறது, அல்லது வோல்ற் குறைவு. சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் குழாயின் அடியில் உள்ள புட் வால்வில் குப்பை பிடித்துக் குழாயில் காற்றேறியிருக்கும். மேல் மூடியைத் திறந்து குழாய் நிரம்பும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கினால் வால்வைத் தூக்கிக் கழுவ வேண்டும்.

கரன்ட் வரும்வரை வாளியும் கயிறும்தான். கப்பியைக் கழற்றி எறிந்த வீடுகள் மாரிக்கு முன் திரும்பப் பூட்டி வைக்கலாம். வெள்ளம் கட்டுக்கு மேலால் கிணற்றுக்குள் போயிருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது. மலசலகூடக் குழித் தண்ணீரும் அதில் கலந்திருக்கும். இறைத்து, குளோரின் இட, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். அதுவரை வேறு தெளிந்த தண்ணீரை நன்றாகக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடமாவது விட்டு ஆற்றிக் குடியுங்கள்.

பிரிட்ஜில் உள்ளது, இன்சுலின்

கதவைத் திறக்காவிட்டால் பிரிட்ஜ் 4 மணித்தியாலம் தாங்கும். நிறைந்த பிறீசர் 48, பாதி நிறைந்தது 24. ஆகவே புயல் அறிவிப்பு வந்ததுமே பிறீசரில் உள்ள வெற்றிடங்களில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவிடுங்கள், நிறைவாகவும் இருக்கும், பிறகு குடிக்கவும் ஆகும். முதலில் கெடுவது தேங்காய்ப்பால் விட்ட கறியும் சொதியும். அவற்றை அந்த நேரத்துக்கு மட்டும் ஆக்குங்கள். மீன், இறைச்சி உருகித் தண்ணீராகி இளஞ்சூடு ஏறியிருந்தால் மணம் நல்லாயிருந்தாலும் எறியுங்கள். இன்னும் ஐஸ் துகள் இருந்தால் அன்றே சமைத்து முடியுங்கள். மாரி வானத்தில் கருவாடு காயாது, புழுதான் வைக்கும்.

பாவித்துக்கொண்டிருக்கும் இன்சுலின் 30 பாகைக்குக் கீழே பெரும்பாலும் 4 வாரம் வரை இருக்கும். உங்கள் மருந்தின் தாளில் உள்ள காலத்தைப் பாருங்கள். தண்ணீர் புகாத பையில் போட்டு, ஒரு சின்னப் பானைக்குள் வைத்து, அதை ஈர மணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் இறக்கி, ஈரத் துணியால் மூடி, காற்றுப் படும் நிழலில் வையுங்கள். காற்றில் ஈரம் கூடிய நாளில் குளிர்ச்சி குறைவாக இருந்தாலும் அறை வெப்பத்தைவிடத் தாழ்வாகவே இருக்கும். ஐஸ் மேல் நேரே வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயனற்றது. ஒட்சிசன் இயந்திரத்தில் இருப்பவரைக் கரன்ட் போகும்வரை வைத்திருக்காமல், எச்சரிக்கை வந்த அன்றே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ கொண்டு போய்விடுங்கள்.

பற்றரி சீக்கிரம் இறங்குகிறது, போன் நிற்கவில்லை, வெளிச்சம் வேண்டும்

12 வோல்ற், 100 அம்பியர் மணித்தியால ஈயப் பற்றரியில் 1200 வோற் மணித்தியாலம் இருப்பதாகத் தோன்றும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 600 தான் உங்களுடையது. ஒரு மேசை ஃபான் இரவு 8 மணித்தியாலம் ஓடினால் 400 வோற் மணித்தியாலத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். இரண்டு எல்.இ.டி. லைற் என்றால் நாட்கணக்கில் தாங்கும். சும்மா இருக்கும்போது 12.7 வோல்ற் காட்டினால் நிறைவு, 12.2 பாதி, அங்கே நிறுத்துங்கள். பற்றரிக்குள் நீர்மட்டம் குறைந்தால் வடித்த நீர் மட்டும், கிணற்றுத் தண்ணீர் விடக் கூடாது.

கோபுரத்தின் பற்றரி முடிந்ததும் சிக்னல் போகும். போன் சிக்னலைத் தேடித் தேடியே தன் சார்ஜைத் தின்னும். விமான நிலையில் போட்டு, காலை, மதியம், மாலை என்று குறித்த நேரங்களில் மட்டும் திறந்து, குரல் அழைப்புக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பலவீனமான சிக்னலிலும் அது போகும்.

மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்கள் இலங்கையில் ஏராளம். அதைக் கண்டுதான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, உருளாத, பாரமான, கட்டையான போத்தலும் திருகுமூடியும் கொண்ட விளக்கை உருவாக்கினார். 1998 இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. விளக்குத்தான் வேண்டும் என்றால் அந்த வடிவில் வையுங்கள்: அடி அகலம், உயரம் குறைவு, மூடி இறுக்கம். நுளம்பு வலைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கரன்ட் வந்துவிட்டது

வந்த நிமிடத்தில் எல்லாவற்றையும் போடாதீர்கள். முதல் கால் மணித்தியாலத்தில் லைன் திரும்பவும் போய் வரும், ஒவ்வொரு தடவையும் அழுத்தம் துள்ளும். காத்திருக்கும் நாட்களிலேயே பிளக்குகளைக் கழற்றி, ஒரு லைற்றை மட்டும் போட்ட நிலையில் விடுங்கள். அது 15 நிமிடம் ஆடாமல் எரிந்தால் பிரிட்ஜைச் செருகலாம், அதற்கு 10 நிமிடம் கழித்து மோட்டர்.

பிரிட்ஜ் "டிக்" என்று ஒலித்து நின்று, சற்றுக் கழித்துத் திரும்பவும் "டிக்" என்றால் கொம்பிரஷர் தொடங்க முடியாமல் பாதுகாப்பு வெட்டுகிறது. கழற்றி 10 நிமிடம் விட்டு, வோல்ற் அளந்து, ஒரு தடவை பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் பின்னால் உள்ள, கொம்பிரஷரைத் தொடக்கிவிடும் ரிலேயாக இருக்கலாம், அதன் விலை குறைவு. கொம்பிரஷரை மாற்றச் சொல்பவரிடம் முதலில் ரிலேயையும் கப்பாசிற்றரையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.